மழை மலையான கதை

பேனாவைக் கையில் எடுத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். மளிகைச் சீட்டு, பால் கணக்கு எல்லாம் எழுதுவேன். சேர்ந்தாற்போல் நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும், "அடுப்பில் பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து ஓடிவிடுவேன். என்னைப் போன்ற தோழிகள் இன்னும் பலர் இருப்பீர்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

1978-ல் எனக்குக் கல்யாணம். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் அம்மாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதி, ஒட்டாமல் ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். கொழுந்தன் எடுத்துப் படித்துவிட்டார். "நம்ம ஊர்ல நேத்து ராத்திரி நல்ல மலையாம்! யாராச்சும் பார்த்தீங்களா?" என்று அவர் கேட்க, வீடே சிரித்தது. மழை என்று எழுதுவதற்குப் பதில் மலை என்று எழுதியிருந்தேன். அவர் அப்போது காலேஜ் பையன், விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் அந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

அதன் பிறகு 16 வருஷம், என் அம்மாவுக்குப் போன கடிதம் எல்லாம் என் கணவர் எழுதியதுதான். "இங்கு அனைவரும் நலம்" என்று நாலு வரி. அம்மாவிடம் நான் சொல்ல நினைத்தது ஒன்றுகூட அதில் இருக்காது.

1994-ல் ஒரு நாள் மத்தியானம், என் மாமியார் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்கும் மதுரையில் இருந்த தங்கைக்கும், அவர்கள் அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலி விஷயத்தில் மனஸ்தாபம். 11 வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அத்தைக்கோ உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது.

"அவளுக்கு ஒரு கடுதாசி எழுதணும்மா."

"உங்க பிள்ளையை எழுதச் சொல்லட்டுமா அத்தை?"

"வேண்டாம். அவன் எழுதினா கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும். நீ எழுது."

"எனக்குத் தப்புத் தப்பா வரும் அத்தை."

"வந்தா வரட்டும். என் தங்கச்சிதானே படிக்கச் சொல்லிக் கேக்கப் போறா. கலெக்டரா?"

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கி வாசித்துக் காட்டினேன். அத்தை முகம் சுளித்தார். "இது யாரு பேசறது? நான் இப்படியா பேசுவேன்? நான் சொல்றதை அப்படியே எழுதும்மா."

அப்படியே எழுதினேன். "உன் மேல எனக்குக் கோபம் தீர்ந்து ரொம்ப நாளாச்சு. சொல்லத்தான் கூச்சம். சங்கிலி உன்கிட்டயே இருக்கட்டும். முறுக்குக்கு மாவு பிசையும்போதெல்லாம் உன் ஞாபகம் வருது. நீ மட்டும் ஒரு தடவை வந்துட்டுப் போ." அத்தை சொல்லச் சொல்ல என் கை தானாக ஓடியது. எத்தனை பிழை வந்ததோ, அன்று அதை நினைக்கவே இல்லை.

பதில் கடிதம் வரவில்லை. ஒன்பதாவது நாள் சித்தியே வந்து வாசலில் நின்றார். கடிதம் சுருக்குப்பையில் இருந்தது. "பேரன் படிச்சுக் காட்டினான். அக்கா எதிர்ல உக்காந்து பேசறாப்ல இருந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். 1996-ல் அத்தை கண்ணை மூடியபோது தங்கை பக்கத்திலேயே இருந்தார்.

பிற்பாடு நூலகத்தில் வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் படித்தேன். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. தன் முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள்தான் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவரே எழுதப் பழகி, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். படித்ததும் எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. சொல்ல விஷயம் இருந்தால் போதும், எழுத்து பின்னாலேயே வந்துவிடும் போலிருக்கிறது.

பிழையைக் குறைக்கப் பக்கத்து வீட்டுத் தமிழாசிரியை ஒரு சுலபமான வழி சொல்லிக் கொடுத்தார். ட-ண, த-ந, ற-ன இவை நெடுங்கணக்கில் அடுத்தடுத்து நிற்கும் ஜோடிகள். சொல்லுக்குள்ளும் இந்த ஜோடி சேர்ந்தே வரும். வண்டி, நண்டு என்றால் ட-வுக்கு முன் 'ண்'. பந்து, சந்தை என்றால் த-வுக்கு முன் 'ந்'. கன்று, நன்றி என்றால் ற-வுக்கு முன் 'ன்'. இது ஒன்று தெரிந்ததுமே என் பிழையில் பாதி போய்விட்டது. 'ழ' வரும் சொற்களை நாக்கை மடித்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே எழுதுவேன். மழை இப்போது மலை ஆவதில்லை!

தோழிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசுகிற மாதிரியே முதலில் எழுதிவிடுங்கள். நடுவில் நின்று திருத்தாதீர்கள். எழுதி முடித்து, ஒரு ராத்திரி மூடி வைத்து, மறுநாள் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். பிழை திருத்துவது எல்லாம் கடைசியில்தான். முன்னாலேயே பிழைக்குப் பயந்தால் முதல் வரியைத் தாண்ட மாட்டோம். என் அனுபவம் இது.

வீட்டில் குழந்தைகளோ மருமகளோ ஏதாவது எழுதிக் காட்டினால், முதலில் விஷயத்தைப் படியுங்கள். பிழையை அப்புறம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாலு பேர் நடுவில் சிரித்துவிடாதீர்கள்.

1978-ல் நான் அடுப்பில் போட்ட கடிதத்துக்குப் பதிலாக, 1994-ல் அம்மாவுக்கு என் கையால் ஆறு பக்கம் எழுதினேன். "இப்பத்தான் உன் குரல் கேட்டுச்சு" என்று அம்மா பதில் போட்டார். அந்தப் பதில் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

— ஒரு வாசகி, விருதுநகர்.