ஓட்டு வீடும் மாடி வீடும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் மங்கலம்பேட்டையைக் கடக்கிறவர்கள், நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகளின் பக்கத்திலேயே கான்கிரீட் தளமிட்ட மாடி வீடுகள் எழும்பி நிற்பதைக் காணலாம். நம் பக்கத்துச் சிற்றூர்கள் யாவற்றிலும் நேர்ந்த மாறுதல்தான் இது. பகலில் பார்க்கையில் மாடி வீடே கம்பீரமாகத் தோன்றும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வீட்டின் யோக்கியதையை அறிய விரும்புகிறவர், சித்திரை மாதத்து மாலை ஆறு மணிக்கு அங்கே போக வேண்டும். வீட்டார் குடங்களோடு மொட்டை மாடிக்கு ஏறித் தளத்தின்மீது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். ஊற்றிய நீர் கண்ணெதிரே உலர்ந்து, தளம் மறுபடியும் வெளுத்துப்போகும். பகல் முழுதும் வெயிலில் காய்ந்த நாலைந்து அங்குலக் கான்கிரீட், ஏற்ற உஷ்ணத்தை உடனே விட்டுவிடாமல், மனிதர் படுத்துறங்கும் நேரம் பார்த்து அறைக்குள் இறக்குகிறது. கிணறு வற்றும் மாதத்தில், மின்சாரம் செலவழித்து ஆழ்குழாயிலிருந்து இறைத்த நீரை இவ்விதம் கூரைக்கு வார்ப்பது, கட்டும்போது செய்யத் தவறிய யோசனைக்கு ஆண்டுதோறும் நாம் செலுத்தும் அபராதமேயன்றி வேறில்லை.

பழைய வீட்டுக்கு இந்த அபராதம் இல்லை. திண்ணையின் தாழ்ந்த கூரை தெருச்சுவரை வெயிலிலிருந்து மறைத்தது. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும்ப, வாசலிலும் கொல்லையிலுமிருந்து வந்த காற்று அவ்விடத்தை நிரப்பியது. மெல்லிய ஓடு வெயில் தாழ்ந்த சற்று நேரத்தில் ஆறிவிட்டது. ஐப்பசி மழையில் கூரையின் இரு சாய்வுகள் சேரும் கூடல்வாயிலிருந்து கொட்டுகிற நீரை வீட்டார் அண்டாவிலும் தவலையிலும் பிடித்துக்கொண்டார்கள். எனினும், அந்த வீட்டை நினைத்து உருகிக்கொண்டிருப்பது நியாயமாகாது. மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்ற ஆள் தேட வேண்டும். குரங்குக் கூட்டம் ஒருமுறை கூரைமேல் ஓடிவிட்டால் அந்த வேலை அத்தனையும் வீண். இருண்ட அடுக்களையில் புகையோடு போராடிய பெண்களோ அந்த வீட்டின் பெருமையைப் பேச மாட்டார்கள். நெல் காய, வற்றல் உலர, குடும்பம் பெருகினால் மேலே ஓர் அறை எழுப்ப வசதி தரும் மாடியை ஜனங்கள் விரும்பியதில் பிசகொன்றுமில்லை.

குற்றம் கான்கிரீட்டினுடையதன்று என்பதற்குப் புதுச்சேரியிலேயே பிரத்தியட்சமான சாட்சி இருக்கிறது. அரவிந்தாசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை, ஜப்பானில் தொழில் செய்துவந்த ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வகுத்துத்தர, 1937-இல் கட்டத் தொடங்கினார்கள். ஜார்ஜ் நகாஷிமா என்ற அவருடைய உதவியாளர் உடனிருந்து வேலையை நடத்தினார். முழுக்க முழுக்கக் கான்கிரீட் கட்டடந்தான். ஆயினும், வடக்கும் தெற்கும் நோக்கிய அதன் நீண்ட பக்கங்களில் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடக்கூடிய கிடைச் சட்டங்களை அமைத்து, வெயிலைத் தடுத்துக் காற்றை மாத்திரம் அனுமதித்தார்கள். தளத்துக்குமேல் வளைந்த ஓடுகளைப் பதித்து, இரண்டுக்கும் நடுவே காற்று உலவ இடம் விட்டார்கள். சூரியனின் பாதையையும் காற்றின் திசையையும் கவனித்துக் கட்டினால், எந்தப் பொருளும் மனிதனுக்கு அனுகூலமாகும் என்பதே அந்தக் கட்டடம் சொல்லும் பாடம்.

சுவருக்கும் வேறு வழியுண்டு. அந்த விடுதிக்குச் சில மைல் தூரத்தில், 1968-இல் தோன்றிய ஆரோவில்லில், சூளையில் சுடாத மண் கற்களால் வீடு கட்டுகிறார்கள். தக்க மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திச் சில வாரங்கள் நீர் தெளித்துப் பதப்படுத்தினால் கல் தயார், விறகு வேண்டியதில்லை. கரிசல் களிமண் இதற்கு ஒவ்வாது. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் போன்ற மண்ணே ஏற்றது.

மழைநீரின் சங்கதி இன்னும் சுலபமானது. ஆயிரம் சதுர அடிக் கூரையின்மீது ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறக்குறைய 900 லிட்டர் நீர் சேரும் என்பது பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, ஊர் ஊராகக் குழாய்கள் முளைத்தன. குழாய்கள் இன்றும் சுவரில் இருக்கின்றன. ஆனால், அநேக இடங்களில் அவை இறங்கும் குழி மண்ணால் தூர்ந்துபோக, நீர் தெருச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. சட்டம் குழாயை வைக்கச் செய்யலாம். குழியைத் தூர்வாரும் அக்கறை வீட்டுக்காரரிடம்தான் பிறக்க வேண்டும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள், கொத்தனாரிடம் அறைகளின் எண்ணிக்கையைச் சொல்லுமுன், மனையில் மாலை வெயில் எங்கே விழுகிறதென்று ஒரு நாள் நின்று பாருங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், பங்குனியில் மொட்டை மாடிக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். மேற்கே இடமிருந்தால் ஒரு வேம்பு வையுங்கள். ஐப்பசி பிறக்குமுன், அந்த மழைநீர்க் குழியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள்.