மழைக்கு முன்னே காற்று ஏன் வருகிறது? ராடார் காட்டும் உண்மை

கோடைமழை பெய்தது அரை மணி நேரம்தான். ஆனால், துளி விழும் முன்பே வீசிய காற்றில் குலை தள்ளிய வாழை எல்லாம் சாய்ந்துவிட்டது. இவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது என்பது, சித்திரை, வைகாசியில் விவசாயிகள் மனதில் எழும் கேள்வி.

பதில், இடிமேகத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஈரமான வெப்பக்காற்று மேலே ஏறித்தான் மேகம் திரள்கிறது. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரைகூடப் போகும். அங்கிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிவிடும். அப்போது சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. தரையில் மோதியதும் நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு முன் நம் முகத்தில் அடிக்கும் சில்லென்ற காற்று இதுதான். எதிரே உள்ள வெப்பக்காற்றை இதுவே நெம்பி மேலே தூக்க, புது மேகம் பிறக்கிறது. பல மேகங்கள் வரிசைகட்டி நகர்வது இப்படித்தான். பெரிய வரிசைகளில், பின்புறமிருந்தும் ஒரு காற்று உள்ளே நுழைந்து சரிந்து இறங்கும். அது தரையைத் தொட்டால் சேதம் அதிகம்.

இதையெல்லாம் டாப்ளர் ராடார் காட்டிக்கொடுக்கிறது. ரயில் நெருங்கும்போது ஹாரன் சத்தம் கீச்சென்றும், விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையிலும் அதே மாற்றம் உண்டு. அதை வைத்துக் காற்று ராடாரை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, என்ன வேகம் என்று கணக்கிடுகிறார்கள். சென்னையில் 2002 முதல் இந்த வகை ராடார் இயங்குகிறது.

குறையும் உண்டு. குறுக்கே போகும் காற்றை ஒற்றை ராடார் காட்டாது. பூமி வளைந்திருப்பதால், 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் அலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். தரைக்காற்று அதன் கண்ணில் படாது.

இந்திய வானிலைத் துறையின் இணையதளத்தில் ராடார் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். மழை வரிசை வில்போல வளைந்து உங்கள் ஊர்ப்பக்கம் புடைத்திருந்தால், பலத்த காற்றை எதிர்பார்க்கலாம். மழைக்கு முன்னால் மெல்லிய கோடு தெரிந்தால், அது குளிர்காற்றின் விளிம்பு. தூசியும் பூச்சிகளும் அங்கே சேர்வதால் தெரிகிறது.

கிடைக்கும் அவகாசம் ஒன்றிரண்டு மணி நேரம்தான். அதற்குள் தோப்பு முழுக்க முட்டுக்கொடுக்க முடியாது. சவுக்குக் கம்பை குலை தள்ளும்போதே கட்டிவிட வேண்டும். களத்து நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடவும், மரத்தடி மாடுகளைக் கொட்டகைக்கு மாற்றவும் அந்த நேரம் போதும்.