கண்ணீரில் ஏற்றிய விளக்கு!

குளிர்காலத்தில் ஜப்பானில் சீக்கிரமே பொழுது சாய்ந்துவிடும். அதனால்தானோ என்னவோ, அந்த நாட்டு மக்களுக்கு விளக்கு அலங்காரம் என்றால் கொள்ளை ஆசை. ஊருக்கு ஊர் வண்ண விளக்குத் தோரணம் கட்டுகிறார்கள்!

ஆனால், கோபே துறைமுக நகரத்தின் விளக்குகள் வேறு ரகம். அவை மாண்டவர்களை நினைத்து ஏற்றப்படுபவை. "லுமினாரியே" என்பது அந்த விழாவின் பெயர்.

20 விநாடி

1995-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி. விடியற்காலை 5 மணி 46 நிமிடம். ஊரே தூங்கிக்கொண்டு இருந்தது. திடீர் என்று பூமி குலுங்கியது. சுமார் 20 விநாடிதான்! வீடுகள் மடமடவென்று சரிந்தன. படுக்கையிலேயே நசுங்கிச் செத்தவர்கள் பலர். பிறகு தீ வேறு பிடித்துக்கொண்டது.

கோபேயிலும் சுற்று வட்டாரத்திலும் 6,434 பேர் மாண்டார்கள். சுமார் 26 லட்சம் வீடுகள் இருளில் மூழ்கின. மின்சாரம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அடுப்பு எரிக்கும் எரிவாயு எல்லா இடத்துக்கும் வர ஏறக்குறைய 3 மாதம் ஆயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் விளக்கு எரிந்தென்ன, எரியாவிட்டால் என்ன?

இத்தாலியின் பரிசு

அந்த ஆண்டு டிசம்பரில் இத்தாலி அரசாங்கம் விளக்குகளை நன்கொடையாகக் கொடுத்தது. இத்தாலியில் புனிதர்களின் திருநாள் வந்தால் தெருவில் விளக்கு வளைவுகள் கட்டுவார்கள். மரச் சட்டத்தில் சித்திர வேலை. அதன்மேல் வரிசை வரிசையாகச் சின்ன பல்புகள். அதே மாதிரி வளைவுகள் கோபே தெருவிலும் எழுந்தன. இத்தாலிக்காரர் வலேரியோ பெஸ்தியும், ஜப்பானியர் ஹிரோகாசு இமாவோகாவும் அமைத்துக்கொடுத்தார்கள்.

சுவிட்சைப் போட்டதும் தெருவே பொன்னாக மின்னியது! பார்த்தவர்களில் பலர் அழுதுவிட்டார்கள். 11 நாளில் 25 லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

ஒரே ஒரு வருடம் என்றுதான் ஏற்பாடு. "நிறுத்தவேண்டாம்" என்று ஊர் மக்கள் கேட்டுக்கொண்டார்கள். அதனால் விழா தொடர்ந்தது. கொரோனா காலத்தில்தான், 2020 முதல் 2022 வரை, விழா நடக்கவில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு

முன்பு டிசம்பரில் நடந்த விழா, 2024 முதல் ஜனவரி மாதக் கடைசியை ஒட்டி நடக்கிறது. சுமார் 10 நாள். வெள்ளைக்காரர்கள் முன்பு குடியிருந்த பகுதி, ஹிகாஷி யூயென்சி பூங்கா, கடற்கரையை ஒட்டிய மெரிக்கன் பூங்கா ஆகிய இடங்களில் பார்க்கலாம். ரெயிலை விட்டு இறங்கி நடந்தே போகலாம். கடற்காற்று ஊசிபோல் குத்தும். கம்பளிச் சட்டை இல்லாமல் போகக்கூடாது. ஓர் இடத்தில் மட்டும் டிக்கெட் உண்டு. மற்றபடி ஆளுக்கு 100 யென் நன்கொடை கேட்கிறார்கள்.

ஹிகாஷி யூயென்சி பூங்காவில் இன்னொரு விளக்கும் உண்டு. 2000-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி ஏற்றிய அணையா விளக்கு அது. அதே தேதியில் ஆண்டுதோறும் மக்கள் இருட்டோடு அங்கே கூடுகிறார்கள். மூங்கில் விளக்குகளை ஏற்றுகிறார்கள். சரியாக 5 மணி 46 நிமிடத்துக்கு அத்தனை பேரும் பேச்சை நிறுத்தித் தலை குனிகிறார்கள்.

பூங்காவின் நினைவுச் சின்னத்துக்கு அடியில் ஓர் அறை இருக்கிறது. அதன் சுவரில் மாண்டவர்களின் பெயர்கள் பதிக்கப்பட்டு இருக்கின்றன.