ஆன்டிபாஸ்டோ வீட்டிலேயே செய்வது எப்படி? எண்ணெயில் போட்ட பூண்டை ஏன் வெளியே வைக்கக் கூடாது?

இத்தாலியில் விருந்து என்றால் பாஸ்தா வருவதற்கு முன்பே ஒரு தட்டு மேசைக்கு வந்துவிடும். சுட்ட குடைமிளகாய், ஆலிவ், சீஸ், மெல்லிசாகச் சீவிய இறைச்சி, மொறுமொறு ரொட்டி என எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். இதற்குப் பெயர்தான் ஆன்டிபாஸ்டோ. அடுப்பில் வேலை குறைவு என்பதால் வீட்டிலேயே ஈஸியா செய்துவிடலாம். ஆனால் மிச்சத்தை எடுத்து வைக்கும்போது ரொம்பவே கவனம் தேவை. ஏன் என்று பார்ப்போம்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

'ஆன்டி' என்றதும் பாஸ்தாவுக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். 'ஆன்டே' என்ற லத்தீன் சொல்லுக்கு 'முன்' என்று பொருள். 'பாஸ்டோ' என்றால் சாப்பாடு. பசியைத் தூண்டுவதுதான் இதன் வேலை, வயிற்றை நிரப்புவது அல்ல.

எப்படிச் செய்வது?

சுட்ட குடைமிளகாய்: சிவப்பு அல்லது மஞ்சள் குடைமிளகாயை நேரடி தீயில் தோல் கருகும் வரை சுடுங்கள். பாத்திரத்தில் போட்டு 10 நிமிடம் மூடி வைத்தால் தோல் தானாக உரிந்து வரும். தண்ணீரில் கழுவினால் சுட்ட வாசனை போய்விடும். நீளமாக நறுக்கி, ஆலிவ் எண்ணெய், உப்பு, நறுக்கிய பூண்டு சேருங்கள்.

ப்ருஸ்கெட்டா: ரொட்டியைச் சுட்டு, சூடாக இருக்கும்போதே பூண்டுப் பல்லால் தேய்த்து, மேலே நறுக்கிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தால் ரெடி.

காப்ரேஸே: தக்காளி, மொஸரெல்லா, துளசிக்கு உறவான பேசில் இலை. காப்ரி தீவின் பெயரைக் கொண்ட இதில் இத்தாலியக் கொடியின் மூன்று நிறமும் இருக்கும்.

ஆபத்து எங்கே?

மிஞ்சிய குடைமிளகாயையும் பூண்டையும் எண்ணெய் ஊற்றி வெளியே வைப்பதுதான் சிக்கல். மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பூண்டில் ஒட்டியிருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் இவை சாகாது. எண்ணெய் மூடியதும் காற்று புகாது. அந்தச் சூழலில்தான் இது வளர்ந்து, நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உருவாக்கும். வாசனையிலோ நிறத்திலோ எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம்.

1985-ல் கனடாவின் வான்கூவரில், ஒரு உணவகத்தில் பயன்படுத்திய எண்ணெயில் ஊறிய பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டனர். இதுபோன்ற சம்பவங்களுக்குப் பிறகு 1989-ல், எண்ணெயில் போட்டு விற்கும் பூண்டில் அமிலம் சேர்க்க வேண்டும் என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது.

அப்போ மாங்காய் ஊறுகாய் மட்டும் எப்படி?

நியாயமான கேள்விதான். அங்கே காப்பாற்றுவது எண்ணெய் அல்ல, மாங்காயின் புளிப்பும் உப்பும்தான். பிஹெச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பாக இருந்தால் இந்த பாக்டீரியா வளராது. சுட்ட குடைமிளகாய்க்கும் பூண்டுக்கும் அந்தப் புளிப்பு கிடையாது. அதனால்தான் இத்தாலியர்கள் கத்தரிக்காயை எண்ணெயில் போடும் முன் வினிகரில் வேக வைக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

* அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்யுங்கள்.
* மிஞ்சினால் உடனே ஃப்ரிட்ஜில், 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வையுங்கள். 4 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.
* வெளியிலேயே மறந்து வைத்துவிட்டால், ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

சாப்பிட்ட பிறகு பார்வை இரண்டாகத் தெரிவது, இமை சரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது போன்ற அறிகுறிகள் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் இவை தெரியும், சில நாட்கள் கழித்தும் வரலாம். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நஞ்சை முறிக்கும் மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.