டேப்லெட்டில் தேதி தப்பினால் இணையம் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பல மாதம் பீரோவில் கிடந்த டேப்லெட்டுக்கு சார்ஜ் ஏற்றினால், சில சமயம் 1970 ஜனவரி 1 என்று காட்டும். ஏன்? பேட்டரி முழுதாக வற்றியதும் உள்ளே ஓடும் கடிகாரமும் நின்றுவிடுகிறது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கருவிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி அந்த நாள்தான்.

தேதி தப்பினால் வலைத்தளங்களும் திறக்காது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. 1970-இல் நிற்கும் டேப்லெட்டுக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ்!

சரிசெய்வது எப்படி? ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், தானியங்கி நேரத்தை ஆன் செய்யுங்கள். இணையத்திலிருந்து சரியான நேரம் வந்துவிடும். இந்தியாவில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால், நேர மண்டலம் கிரீன்விச்சில் நிற்கலாம், கொல்கத்தாவுக்கு மாற்றுங்கள்.