கப்பலை விட்டு இறங்கிய பின்...

திருத்தணி செல்லும் வழியிலுள்ள கனகம்மாசத்திரம் போன்ற சிற்றூரிலும் கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை நீங்கள் காணக்கூடும். மாதந்தோறும் வரும் ஓய்வூதியமே அவர் குடும்பத்தைத் தாங்கி நிற்கும். அதுவும் கிட்டாமல் வீடு திரும்பிய மாலுமிகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

1946 பிப்ரவரி 18 அன்று, பம்பாயின் 'தல்வார்' கடற்படைப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினர். உண்ணத் தகாத உணவு, வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம், மேலதிகாரியின் இழிசொல் ஆகியவை அவர்களைப் பொறுமையிழக்கச் செய்தன. போராட்டக் குழுவுக்கு எம்.எஸ். கான் என்ற முஸ்லிம் தலைவரானார். மதன்சிங் என்ற சீக்கியர் துணைத் தலைவரானார். காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் கப்பல்களில் ஒருசேரப் பறந்தன. 78 கப்பல்களில் பரவிய அப்போராட்டத்தில் சுமார் 20,000 பேர் பங்கேற்றனர்.

அரசியல் தலைவர்களின் அறிவுரையை ஏற்று, பிப்ரவரி 23 அன்று அவர்கள் சரணடைந்தனர். 476 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். விடுதலைக்குப் பின்னும் இந்தியக் கடற்படையோ பாகிஸ்தான் கடற்படையோ அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருந்த தாய்மாரின் நிலை என்னவாகியிருக்கும்!

உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. ஆகவே, உங்கள் மஹல்லாவில் ஓய்வூதியம் பெற்றுவந்த முன்னாள் படைவீரர் எவரேனும் மவுத்தாகியிருப்பின், அவருடைய மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கிறதா என விசாரியுங்கள். கிடைக்கவில்லையெனில், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கத் துணை செய்யுங்கள். அது தர்மமன்று, அக்குடும்பத்தின் உரிமை.