பாறை வளர்க்கும் ஆறும் இரு மடங்களும்

குரோவேஷியாவின் டல்மேஷியப் பகுதியில், தினாரா மலையடிவாரத்தில் ஊற்றெடுத்துச் சுமார் 73 கிலோமீட்டர் ஓடி, ஷிபெனிக் நகரையொட்டி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் கிர்கா ஆறு, வழியில் ஏழு அருவிகளாக இறங்குகிறது. அருவி பாறையை அரித்துத் தேய்க்கும் என்பதே பொது அனுபவம். கிர்காவிலோ அருவிதான் பாறையை வளர்க்கிறது. 1985இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பு இதுவே.

கார்ஸ்ட் எனப்படும் சுண்ணாம்புக்கல் நிலத்தின் ஊடே வரும் நீர், கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சரிவில் மோதிச் சிதறும்போது நீரிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிட, உப்புத்தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை படிவதுபோல அந்தச் சுண்ணாம்பு பாசியின்மேல் படிகிறது. பாசியின் நுனி பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கையிலேயே அதன் அடி கல்லாகிவிடுகிறது. டிராவர்டைன் எனப்படும் இந்த நுண்துளைப் பாறை கால்பட்டாலே நொறுங்கக்கூடியது. ஆகவே, 17 படிகளாக 45 மீட்டருக்குச் சற்று மேல் இறங்கும் ஸ்கிராடின்ஸ்கி பூக் அருவியில் 2021 முதல் குளிக்கத் தடை விதித்தது, பயணிகள் பலருக்கு ஏமாற்றம் தந்தாலும், முற்றிலும் சரியான முடிவே. மரப்பலகைப் பாதையில் நடந்தபடியே அருவியை மிக அருகில் காணலாம். பழைய நீராலைகளில், விழும் நீரின் விசையால் கல் சுழன்று மாவு அரைபடுவதையும் பார்க்கலாம். இதே நீர்விசையால் 1895 ஆகஸ்ட் 28 அன்று ஷிபெனிக்கின் தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன.

இவ்வருவியின் பாறைத்தடுப்பு இயற்கை அணையாக நின்று ஆற்றைத் தேக்குவதால்தான் அதன் மேற்புறத்தில் விசோவாக் ஏரி உருவாகியிருக்கிறது. படகில் சென்றடையும் அந்த ஏரியின் நடுத்தீவில், அகஸ்தீனியத் துறவியருக்குப் பின், 1445இல் போஸ்னியாவிலிருந்து வந்து குடியேறிய பிரான்சிஸ்கன் துறவியரின் மடம் இன்றும் இயங்குகிறது. மடத்தின் நூல்களில் அரியது, 1487இல் இத்தாலியின் பிரெஷியா நகரில் படங்களுடன் அச்சிடப்பட்ட ஈசாப் நீதிக்கதைத் தொகுப்பு. சமய நூல்களைக் காத்த துறவியர் நரியும் காக்கையும் பேசும் கதைகளையும் காத்துவைத்தது, அவர்களின் கல்விப்பற்று எவ்வளவு விரிந்தது என்பதைக் காட்டுகிறது.

பெரும்பாலான பயணிகள் இத்துடன் திரும்பிவிடுவது வருத்தத்திற்குரியது. ரோஷ்கி அருவியையும் கடந்து ஆற்றை எதிர்த்து மேலே சென்றால், தலைமைத் தூதர் மிக்கேலுக்கு அர்ப்பணிக்கப்பட்ட செர்பிய ஆர்த்தடாக்ஸ் மடம், அதாவது உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்த கீழைக் கிறித்தவ மரபின் மடம், கரையோர மரங்களுக்கிடையே நிற்கிறது. 1402ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பிடப்படும் இம்மடத்தின் கோயிலுக்கு அடியில், அதனினும் பல நூற்றாண்டுகள் பழமையான நிலத்தடிக் கல்லறைகள் உள்ளன. 1615இல் தொடங்கியதாகக் கருதப்படும் இதன் குருமடம், 1990களின் போரில் மூடப்பட்டு, 2001இல் மீண்டும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது.